கடனுக்கும் ஓர் அணுவிரதம்

கடன்பட்டவனின் நெஞ்சக் கலக்கத்தை இராவணனுக்கு உவமையாகச் சொல்லும் அடி ஒன்று உண்டு. பட்டிமன்ற மேடைகளில் அதைச் சொல்லாதவர் இல்லை. சொல்பவர் எல்லோரும் கம்பர் பாடினார் என்றுதான் தொடங்குவார்கள். கம்பராமாயணப் பதிப்புகளில் தேடியவர்களுக்கு அந்த அடி கிடைக்கவில்லை. அடியேனும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து யுத்த காண்டத்தைப் புரட்டிப் பார்த்தேன், இல்லை. கம்பர் பாடாததைக் கம்பர் தலையில் ஏற்றிச் சொல்லும் அளவுக்கு நமக்குக் கடன் மேல் பயம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

திருக்குறளின் 133 அதிகாரங்களில் கடனுக்கென்று ஓர் அதிகாரம் கிடையாது என்பதையும் அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். இரவுக்கு உண்டு, இரவச்சத்துக்கு உண்டு. வலியறிதலில் வரவையும் செலவையும் அளந்து நடக்கச் சொல்வது உண்டு. குறளில் கடன் என்ற சொல் வருகிற இடங்களில் அது கடமையைத்தான் குறிக்கிறது. வாங்கிய பணத்துக்கும் செய்ய வேண்டிய கடமைக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. இது எனக்கு ரொம்ப நாள் யோசனையாகவே இருந்தது.

இந்த யோசனையைக் கட்டுரையாக்கத் தூண்டியது ஓர் அமெரிக்கப் புத்தகம். அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மருமகன் போன தடவை வந்தபோது கொடுத்துவிட்டுப் போனார். டேவ் ராம்சே என்பவர் எழுதி 2003-இல் வெளிவந்தது. டென்னஸி மாநிலத்துக்காரர், வானொலியில் பணப் புத்திமதி சொல்லியே பெயர் பெற்றவர். சின்ன வயதில் வங்கிக் கடன் வாங்கி வீடுகளை வாங்கி விற்று, 1988-இல் திவாலானவர். சூடு கண்டவர் என்பதால் அவர் சொல்வதில் ஓர் உறைப்பு இருக்கிறது. கிரெடிட் கார்டைக் கத்தரித்துப் போடு, சின்னக் கடனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக அடைத்து வா, இனி எதற்கும் கடன் வாங்காதே என்பார். வீட்டுக் கடன் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அதுவும் 15 வருஷத்துக்குள், தவணை கையில் வரும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகாமல்.

படித்ததும் என் தகப்பனார் ஞாபகம் வந்துவிட்டது. அவரும் இதைத்தான் சொன்னார், வானொலி இல்லாமல்.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்து நயினார்கள். வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஆறு, கால்வாய்ப் பாசனத்தை நம்ப முடியாது; ஏரியும் கிணறும்தான். எழுபதுகளில் ஊரெல்லாம் நிலவள வங்கியில் கடன் வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்தி மின்சார மோட்டார் வைத்தார்கள். அப்பா மறுத்துவிட்டார். ‘ஜைனன் பிறத்தியார் பணத்தில் பயிர் வைக்கக் கூடாதுடா’ என்பார். எங்கள் கிணற்றில் கவலைதான் ஓடியது. எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்தபோது கவலைக்குத் தண்ணீர் எட்டவில்லை. பக்கத்து நிலத்துக்காரருக்கு மோட்டார் எட்டியது. அவர் ஏழு வருஷத்தில் கடனை அடைத்தார். நாங்கள் நான்கு வருஷத்தில் நிலத்தை விற்றோம். நான் 1979-இல் கல்கத்தா வந்து உறவினர் ஜவுளிக்கடையில் துணி மடிக்க ஆரம்பித்தது அதனால்தான். அப்பா கடைசி வரை ஒரு பைசா கடன் இல்லாமல் வாழ்ந்தார். அதில் அவருக்குப் பெருமை. கடனும் இல்லை, நிலமும் இல்லை.

கதை இத்தோடு முடிந்தால் சுலபம். அதே ஊரில் அதே வங்கியில் அதே கடனை வாங்கிய இன்னொருவருக்குக் கிணற்றில் பாறைதான் கிடைத்தது. நிலம் ஜப்திக்கு வந்தது. மனிதர் ஊரை விட்டே போனார். அப்பா அவரை உதாரணம் காட்டுவார். நான் மனதுக்குள் பக்கத்து நிலத்துக்காரரை உதாரணம் காட்டுவேன். இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்பதுதான் சங்கடம்.

கடனே கூடாது என்ற கட்சிக்கு முதலில் நியாயம் செய்துவிட வேண்டும். கணக்கு அவர்கள் பக்கம் பலமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் தண்டல் என்று ஒன்று உண்டு, எல்லோருக்கும் தெரியும். 10,000 ரூபாய் கடன் என்று எழுதி, 8,500 கையில் கொடுப்பான். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். 1,500 ரூபாய்தானே போகிறது என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதல்லவா? சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 விழுக்காடு! நம் படித்த பிள்ளைகள் சிரிக்க வேண்டாம். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் மாதம் மூன்று, மூன்றரை விழுக்காடு என்று போடுகிறார்கள். வருஷத்துக்கு நாற்பது சொச்சம். தண்டல்காரன் சைக்கிளில் வருவான், இவன் தபாலில் வருகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக் கடனிலும் அவர்கள் சொல்வதில் விஷயம் உண்டு. 30 லட்சம் ரூபாய், எட்டரை விழுக்காடு வட்டி. 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 26,000. மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 62 லட்சத்து 48 ஆயிரம். அதையே 15 வருஷமாக்கினால் தவணை சுமார் 29,500. மொத்தம் 53 லட்சத்து 18 ஆயிரம். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு கூடக் கட்டினால் ஒன்பது லட்சத்துக்கு மேல் மிச்சம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம்.

இந்தக் கணக்கை நம்பித்தான் நான் ஒரு தவறு செய்தேன்.

2019-இல் நம் சங்கத்துக்கு வரும் ஒரு பையன் என்னிடம் யோசனை கேட்டான். செக்டர் ஐந்தில் கம்ப்யூட்டர் வேலை. மேலே சொன்ன அளவில் வீட்டுக் கடன். கையில் சேர்த்து வைத்தது 4 லட்சம். ‘ஐயா, இதை வங்கியிலேயே வைக்கட்டுமா, கடனில் கட்டிவிடட்டுமா?’ என்றான். எட்டரைக்குக் கடனை வைத்துக்கொண்டு ஆறரைக்கு வைப்பு வைப்பவன் வியாபாரியா என்று கேட்டு, கட்டச் சொன்னேன். கட்டிவிட்டான். வங்கிக்காரர்கள் வழக்கம்போல் தவணைத் தொகையைக் குறைக்காமல் வருஷத்தைக் குறைத்தார்கள். அது இன்னும் நல்லது என்று வேறு சொன்னேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. மே மாதம் அவன் வேலை போயிற்று. ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தது உண்மைதான். ஆனால் வட்டி நிற்கவில்லை. செப்டம்பரில் தவணை திரும்ப ஆரம்பித்தது, வேலை ஆரம்பிக்கவில்லை. முன்கூட்டிக் கட்டிய 4 லட்சத்தை வங்கியிடம் திருப்பிக் கேட்க முடியுமா? பெண்டாட்டி நகை அடகுக்குப் போனது. அந்த ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 விழுக்காடு வரை கடன் தரலாம் என்றிருந்ததை 90 ஆக்கியிருந்தது. அதனால் கொஞ்சம் கூடவே கிடைத்தது. கூடக் கிடைத்ததற்கும் வட்டி உண்டு. தாலிக்கொடி மட்டும் போகவில்லை. மறு வருஷம் ஜனவரியில் வேலை கிடைத்தது, சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஒரு சங்கிலி மீட்க முடியாமல் முழுகிவிட்டது. அடுத்த பொங்கல் விழாவில் அந்தப் பெண் என் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், காலம் கடந்து. 4 லட்சத்தைக் கடனில் கட்டியதால் வருஷத்துக்கு 34,000 ரூபாய் வட்டி மிச்சம். வங்கியில் வைத்திருந்தால் வட்டி 26,000 வந்திருக்கும். ஆக, வித்தியாசம் 8,000 ரூபாய். அவன் வீட்டுச் செலவு மாதம் 30,000, தவணை 26,000. அந்த 4 லட்சம் ஏழு மாதம் தாங்கியிருக்கும். வருஷத்துக்கு எட்டாயிரம் ரூபாய் பிரீமியத்தில் ஏழு மாதப் பாதுகாப்பு. அதைத்தான் நான் ‘வியாபாரியா’ என்று கேட்டுப் பிடுங்கிப் போட்டேன். அமெரிக்கர் புத்தகத்தில் கூட முதல் படி கடன் அடைப்பது அல்ல. அவசரத்துக்கு ஆயிரம் டாலர் தனியே எடுத்து வைப்பதுதான். அதை நான் படித்தது பின்னால். அவர் போட்ட வேலிகூட எனக்குத் தோன்றவில்லை.

கடனை அடைத்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்குச் சென்னையிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. தெருவில் காய்கறி, பழம் விற்பவர்கள் காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து மாலையில் வட்டியோடு திருப்புகிறார்கள். பொருளாதார அறிஞர்கள் சிலர் சென்னையில் இவர்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். அதில் ஒருவரான செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர். வட்டி நாள் ஒன்றுக்குச் சராசரியாக நூற்றுக்கு ஐந்து ரூபாயை ஒட்டி இருந்தது. வருஷத்துக்கு அல்ல ஐயா, நாளுக்கு! நம் கல்கத்தாவில் படித்து 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் தங்கள் புத்தகத்தில் இதை எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அம்மா தினமும் 1,000 ரூபாய் வாங்கி 1,050 திருப்புகிறார். டீச் செலவில் 10 ரூபாய் குறைத்து, மறுநாள் அந்தப் பத்து ரூபாய்க்குக் கடன் குறைவாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டியும் குறையும், குறைந்த வட்டியையும் முதலில் சேர்க்கிறார். 37-ஆம் நாள் அவருக்குக் கடன் தேவையில்லை. அதற்குப் பின் தினமும் 50 ரூபாய் அவருடையது. இவ்வளவு சுலபமாக இருந்தும் வருஷக்கணக்கில் வட்டி கட்டுகிறார்களே, இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையா என்றுதான் என்னைப் போன்ற உபதேசிகள் கேட்போம்.

டீன் கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இப்படிப்பட்ட வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். முடிவு 2019-இல் வெளிவந்தது. பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குப் போய்விட்டார்கள். ஓரிரு வருஷம் கழித்துப் பார்த்தால், கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, இவர்களுக்குப் புத்தி கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கடையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கடன் போன இடத்தில் கையிருப்பு வர வேண்டும். வராவிட்டால் பிள்ளைக்கு ஒரு நாள் ஜுரம் வந்தால் போதும், மழை பெய்து தக்காளி அழுகினால் போதும், மறுநாள் காலையில் முதல் கிடையாது. பிறகு பழைய கதவைத்தான் தட்ட வேண்டும். செக்டர் ஐந்துப் பையனுக்கு நேர்ந்ததும், சம்பளம் பெரிது என்பதைத் தவிர, இதுவேதான். கடனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், கையைப் பார்க்கவில்லை.

வியாபாரத்துக்குள் வந்தால் கடன் கூடாது என்ற வாக்கியத்துக்கே அர்த்தம் கிடையாது. வங்காளக் கடைகளில் ஒரு பலகை தொங்கும்: ‘பாக்கி கேட்டு வெட்கப்படுத்தாதீர்கள்’ என்று. ஹிந்திக்காரர் கடையில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’. நம் ஊரிலும் அதே வாசகம்தான். மூன்று மொழியிலும் பலகைக்குக் கீழே கல்லாவில் ஒரு பாக்கி நோட்டு இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். பலகை அறியாதவருக்கு, நோட்டு அறிந்தவருக்கு.

சித்திரை ஒன்றை ஒட்டி வரும் பொயிலா பொய்ஷாக் அன்று நடக்கும் ஹால்காத்தாவை இங்கே குடியிருக்கும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிவப்புத் துணி அட்டை போட்ட புதுப் பேரேட்டை விடியற்காலையில் காளிகாட்டுக்கோ தக்ஷிணேஸ்வரத்துக்கோ கொண்டுபோய்ப் பூஜை செய்து வருவார்கள். சாயங்காலம் வாடிக்கைக்காரர்கள் வந்து பழைய பாக்கியை முழுதாகவோ கொஞ்சமாகவோ கட்டுவார்கள். கடைக்காரர் இனிப்புப் பொட்டலமும் காலண்டரும் கொடுத்து அனுப்புவார். நான் முதன்முதலில் பார்த்தபோது திகைத்துப்போனேன். கடன்காரனுக்கு இனிப்பா! அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், நம்பவில்லை. வருஷத்தில் ஒரு நாள் பாக்கியைப் பகிரங்கமாக, சிரித்துக்கொண்டே தீர்க்கும் ஏற்பாடு அது. நம் ஊரில் கடனை ஒளித்து வைக்கிறோம், ஒளித்து வைத்ததுதான் அழுகுகிறது.

ஆரணியிலிருந்து பட்டு வந்தால் நான் அன்றே பணம் அனுப்புவதில்லை. என்னிடம் வாங்குபவரும் அப்படியே. இந்தத் தவணையை அரசாங்கமே இப்போது 45 நாள் என்று வரையறுத்து, 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து சிறு, குறு உற்பத்தியாளர்களுக்கு அதற்கு மேல் இழுத்தடித்தால் அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் வைத்துவிட்டது. கடன் கூடாது என்று சொல்லவில்லை, அளவு சொல்லியிருக்கிறது. நெசவாளிக்கு நல்லது. என் போன்றவர்கள் முணுமுணுக்கிறோம், அது வேறு.

இனி சால்ட் லேக்குக்கு வருகிறேன். கடன் இல்லாதவன் பத்திரமாக இருக்கிறான் என்ற நம்பிக்கை எங்கே உடைந்தது என்று கேட்டால் நம் பேட்டையிலேயே காட்டலாம். சாரதா குழுமத்தின் தலைமை அலுவலகம் செக்டர் ஐந்தில் மிட்லாண்ட் பார்க் கட்டடத்தில் இருந்தது. 2013 ஏப்ரலில் கவிழ்ந்தது. நீதிபதி ஷியாமல் சென் விசாரணைக் கமிஷனுக்கு 17 லட்சத்துக்கும் மேல் புகார்கள் வந்தன. இவர்களில் பெரும்பாலோர் சேமித்தவர்கள். வேலைக்காரப் பெண்கள், ரிக்ஷாக்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள். ஏஜெண்டு வீட்டு வாசலுக்கு வந்து தினசரி வாங்கிப் போனான். (வங்காளத்தில் இதைச் சிட் ஃபண்ட் என்கிறார்கள். அது நம் சீட்டுக்கு அபவாதம். சீட்டுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஏலம் எடுப்பவரும் போடுபவரும் அதே இருபது, முப்பது பேர். சாரதா நடத்தியது புதியவன் பணத்தைப் பழையவனுக்குக் கொடுக்கும் வித்தை. 1980-இல் சஞ்சயிதா கவிழ்ந்தபோதே கல்கத்தா இதைப் பார்த்துவிட்டது, மறந்தும் விட்டது.)

எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாஷிக்கு அதில் 38,000 ரூபாய் போயிற்று. மகள் கல்யாணத்துக்கு வைத்தது. அந்த அம்மாள் வாழ்நாளில் கடன் வாங்கியதில்லை, நம் உபதேசிகள் மெச்சத் தக்கவர். அடுத்த வருஷம் பெண்கள் குழுவில் சேர்ந்து கடன் வாங்கினார், தையல் மிஷினுக்கு. நான் வழக்கம்போல் வேண்டாம் என்றேன். அவர் வங்காளத்தில் சொன்னதை அப்படியே தருகிறேன்: ‘தாது, என் பணம் அவனிடம் இருந்தால் பயம் எனக்கு. அவன் பணம் என்னிடம் இருந்தால் பயம் அவனுக்கு.’ பொருளாதாரம் படித்தவர் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இப்படிப் பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்து 2001-இல் தொடங்கிய பந்தன், 2015 ஆகஸ்ட் 23-இல் வங்கியாயிற்று. அதன் தலைமையகமும் இதே சால்ட் லேக்கில்தான். ஏழைகளின் சேமிப்பைத் தின்ற நிறுவனமும், ஏழைகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்த நிறுவனமும் ஒரே பேட்டையில். ஆனால் சிறுகடனைப் பாட்டாகப் பாடவும் நான் தயாரில்லை. ஆந்திராவில் 2010-இல் தவணை கட்ட முடியாமல் தற்கொலைகள் நடந்து, அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. எங்கள் மாஷியும் மூன்று வருஷத்தில் மூன்று குழுக்களில் கடன் வைத்திருந்தார். ஒன்றின் தவணையை இன்னொன்றில் வாங்கிக் கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துக் கணக்கெழுதினோம். மாத வரும்படி 9,000, தவணை மட்டும் 6,200! மிஷினுக்கு வாங்கிய முதல் கடன் தன்னைத் தானே அடைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் முதல் கடன் ருசியில் வாங்கியவை. அவற்றை அடைக்க இரண்டு வருஷம் பிடித்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் சமயத்தில் உள்ள ஒரு பாகுபாடு எனக்குக் கை கொடுத்தது.

ஜைனத்தில் விரதம் ஐந்து. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, காமத்தை அடக்குதல், பொருட்பற்றை விடுதல். துறவிக்கு இவை மகாவிரதம். ஓர் ஊசி முனை விலக்கும் கிடையாது. இல்லறத்தானுக்கு இதே ஐந்தும் அணுவிரதம். துறவி பொருளையே தொடக் கூடாது. இல்லறத்தான் தன் பொருளுக்குத் தானே ஓர் எல்லை கட்டிக்கொண்டு அதற்குள் நிற்க வேண்டும். வடமொழியில் பரிக்கிரக பரிமாணம், தமிழ் ஜைனர் வழக்கில் மிகுபொருள் விரும்பாமை. பரிமாணம் என்றால் அளவு. சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாருக்கென்றே எழுதப்பட்ட நூல். அதைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. இல்லறத்தான் மகாவிரதம் எடுத்தால் புண்ணியம் கூடும் என்று எங்கள் நூல்கள் சொல்வதில்லை. குடும்பத்தை வைத்துக்கொண்டு துறவி விரதம் எடுப்பவன் இரண்டையும் கெடுப்பான்.

கடனே கூடாது என்பது மகாவிரதம். அதை இல்லறத்தானிடம் சொல்கிறார்கள். என் தகப்பனார் எடுத்தது அதுதான். ஜைனன் கடன் வாங்கக் கூடாது என்று அவர் சொன்னாரே, நானும் பிற்காலத்தில் நூல்களில் தேடினேன். இல்லறத்தார் செய்யக் கூடாத தொழில்கள் என்று பதினைந்து சொல்லும் பட்டியல் உண்டு. காட்டை வெட்டுவது, விஷம் விற்பது, ஏரியை வற்ற அடிப்பது எல்லாம் இருக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கல் அதில் இல்லை. அப்பா விரதத்தைத் தானே பெரிதாக்கிக்கொண்டார்.

விரதத்துக்கு ஐந்தைந்து மீறல்களும் சொல்வார்கள், அதிசாரம் என்று பெயர். (வயிற்றுப்போக்குக்கும் வைத்தியத்தில் அதே பெயர், பேரன் சிரிக்கிறான்.) பொருள் வரைதலுக்குச் சமந்தபத்திரர் சொல்லும் மீறல்களைப் பாருங்கள்: மாட்டைச் சக்திக்கு மேல் ஓட்டுதல், மிதமிஞ்சிச் சேர்த்தல், பிறர் லாபத்தைக் கண்டு வாய்பிளத்தல், பேராசை, தாங்காத பாரம் ஏற்றுதல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வண்டிக்காரனுக்குச் சொன்னது. பக்கத்து ஃபிளாட்டில் கார் வந்ததைப் பார்த்து வாய்பிளந்து, தாங்காத தவணையை ஏற்றிக்கொள்ளும் நமக்கும் அப்படியே பொருந்துகிறதே! எங்கள் மாஷியின் முதல் கடன் வண்டி. மற்ற இரண்டும் பாரம்.

பொய்யாமையின் மீறல்களில் ஒன்று நியாசாபகாரம்: நம்பி வைத்த பொருளை அபகரித்தல். உரையாசிரியர்கள் இதை நுட்பமாக விளக்குகிறார்கள். நூறு வைத்தவன் மறந்துபோய் எண்பது கேட்டால், ‘ஆமாம், எண்பதுதான்’ என்று கொடுப்பதும் அந்தப் பாவமே. அவன் கேட்டதைக் கொடுத்துவிட்டான், ஆனாலும் பாவம். செக்டர் ஐந்தில் நடந்ததற்கு என்ன பெயர் வைத்திருப்பார்களோ.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் சிறுகடனுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் மாஷியின் 6,200 அந்தக் கோட்டைத் தாண்டியது. அமெரிக்கர் வீட்டுத் தவணைக்குக் கால் பங்கு என்கிறார். என் அபிப்பிராயம் கேட்டால், பாதி ரொம்ப அதிகம். அது சட்டத்தின் வெளிக் கோடு. மாதச் சம்பளக்காரர் மூன்றில் ஒன்றில் நின்றால் நல்லது. வரும்படி ஏறி இறங்கும் வியாபாரிக்கு, நல்ல மாதத்தை வைத்து அளக்காமல் மோசமான மாதத்தை வைத்து அளக்க வேண்டும். அத்தோடு ஆறு மாதச் செலவு கையில் இல்லாதவர் கடனை முன்கூட்டி அடைக்கக் கூடாது. தண்டல், கார்டு பாக்கி போன்ற கொள்ளை வட்டிக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே ஒரு மாதச் செலவை வைத்துக்கொண்டு மற்றதை உடனே அடைத்துவிட வேண்டும்.

ஆனால் மகாவிரதமே ஏற்றவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. குடிப்பழக்கம் உள்ளவனிடம் அளவாகக் குடி என்று சொல்ல முடியுமா? கார்டைப் பார்த்தால் கை அரிக்கிறவர்களுக்கு, சூதாட்டச் செயலியில் விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்கும் பிள்ளைகளுக்கு, அளவு என்பதே ஓர் ஏமாற்று. அவர்கள் அமெரிக்கர் சொல்படி கத்தரிக்கோலை எடுக்க வேண்டியதுதான். அந்த மனிதரே திவாலானவர் என்பதால் தனக்குத் தேவைப்பட்ட மருந்தைத் தந்திருக்கிறார். எல்லா உடம்புக்கும் அதுதான் என்று எடுத்துக்கொண்டது நம் பிழை.

போன மாதம் அந்தச் செக்டர் ஐந்துப் பையன் வீட்டுக்கு வந்தான். இப்போது பையன் இல்லை, நாற்பதைத் தாண்டிவிட்டான். போனஸ் இரண்டு லட்சம் வந்திருக்கிறது. ‘ஐயா, கடனில் கட்டிவிடட்டுமா?’ என்று பழைய கேள்வியையே கேட்டான். அவன் மனைவியும் கூட வந்திருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, மாதச் செலவு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நாலரை மாதம் என்றாள், மனக்கணக்காக. தாளைப் பார்க்கவே இல்லை. ‘மீதி ஒன்றரை மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டு மிஞ்சுவதைக் கட்டுகிறோம் மாமா’ என்று அவளே முடித்துவிட்டு, உள்ளே என் மனைவியிடம் காபி கேட்கப் போனாள்.